ஜட்காக் குதிரைக்கு எத்தனை கிலோ கொள்ளு?

கேள்வி: ஐயா, பழனியில் ஜட்கா ஓட்டிக்கொண்டிருந்த ஒருவர் தொழிலை விட்டுவிட்டார். அவருடைய பெண் குதிரை தெருவில் குப்பை மேய்ந்துகொண்டிருந்தது. அவரிடம் கேட்டு, நேற்று ஆயக்குடியிலுள்ள எங்கள் தோட்டத்துக்கு ஓட்டிவந்துவிட்டோம். பன்னிரண்டு வயதிருக்கும் என்கிறார்கள். விலா எலும்புகளை எண்ணிவிடலாம், முதுகில் சேணப் புண். கறவை மாடு வைத்திருப்பதால் கோ-4 புல்லும் தவிடும் தாராளமாக இருக்கின்றன. தினமும் மூன்று கிலோ கொள்ளு ஊறவைத்துக் கொடுத்தால் ஒரு மாதத்தில் தேறும் என்று மருந்துக்கடைக்காரர் சொல்லி, லிவர் டானிக்கும் கால்சியம் பாட்டிலும் கொடுத்தார். கொள்ளு அளவு சரியா? தேறியதும் பாசமாக வைத்துக்கொள்ளும் யாருக்காவது சும்மாவே கொடுத்துவிட ஆசை.

பதில்: இதைப் படித்தவுடன் கொள்ளு வாளியை எடுத்துவிடுங்கள். மூன்று கிலோ அல்ல, அரைக் கிலோவும் இப்போது வேண்டாம். "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்பது உங்கள் குதிரைக்கும் பொருந்தும், எள்ளை மட்டும் விட்டுவிடுங்கள்.

பல வாரம் பட்டினி கிடந்த உடம்பில் பாஸ்பரஸ், மக்னீசியம், பொட்டாசியம் எல்லாம் வற்றிப்போயிருக்கும். கொள்ளிலுள்ள மாவுச்சத்து உள்ளே போனதும் இன்சுலின் ஏறி, மிச்சமிருப்பதையும் ரத்தத்திலிருந்து செல்லுக்குள் இழுத்துக்கொள்ளும். மூன்றாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் தசை நடுங்கும், கால் வீங்கும், படுத்தால் எழ முடியாது, இதயம் நின்றுபோகும். "நன்றாகத் தின்றுகொண்டிருந்ததே, திடீரென்று செத்துவிட்டது" என்பதற்குப் பல சமயம் இதுதான் காரணம்.

கொடுக்க வேண்டியது காய்ந்த குதிரைமசால் (லூசர்ன் என்னும் தீவனப் பயிர்). அதில் மாவுச்சத்து குறைவு, புரதமும் தாதுக்களும் அதிகம். முதலில் எடையைக் கணக்கிடுங்கள். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து பிட்டத்து எலும்பு வரை நீளத்தையும் சென்டிமீட்டரில் அளந்து, சுற்றளவை அதே சுற்றளவால் பெருக்கி, மறுபடி நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோ வரும். சுற்றளவு 140, நீளம் 150 என்றால் சுமார் 250 கிலோ. அந்த எடைக்கு முதல் மூன்று நாள் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கால் கிலோ, இரவிலும் விடாமல். நான்காம் நாளிலிருந்து அளவைக் கூட்டி இடைவெளியை நீட்டுங்கள். ஆறேழு நாளில் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு கிலோ என்று வரட்டும். பத்தாம் நாளுக்குப் பிறகு காலை மாலை வேண்டிய மட்டும் தின்னலாம், கூடவே அருகம்புல். தண்ணீர் எப்போதும் இருக்கட்டும், உப்புக்கட்டி ஒன்று கட்டித் தொங்கவிடுங்கள். குதிரைமசாலைப் பூ எடுக்கத் தொடங்கும்போது அறுத்து, அரை நாள் வெயிலிலும் மீதி நிழலிலும் உலர்த்துங்கள். முழு வெயிலில் போட்டால் இலை உதிர்ந்து தண்டுதான் மிஞ்சும். ஈரத்தோடு கட்டினால் பூசணம் பிடிக்கும், அந்தக் கட்டைக் குப்பையில்தான் போட வேண்டும்.

முழுதாகத் தேற மூன்றிலிருந்து ஐந்து மாதம் ஆகும். ஒரு மாதக் கணக்கு கடைக்காரருடையது, குதிரையினுடையது அல்ல.

அடுத்து, நீங்கள் கேட்காத கோ-4 புல். மாட்டுத் தொழுவத்துக்கு வரும் குதிரைகளை மெதுவாகக் கெடுப்பது இதுதான் என்பது என் உறுதியான கருத்து. கோ-4 என்பது கம்பு நேப்பியர் ஒட்டுப்புல், அதில் ஆக்சலேட் என்ற உப்பு உண்டு. பசுவின் அசைபோடும் இரைப்பையில் இருக்கும் நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்துவிடும். குதிரைக்கு அந்தப் பை இல்லை, ஆக்சலேட் குடலிலேயே கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கூடவே தவிடு. அரிசித் தவிடோ கோதுமைத் தவிடோ, பாஸ்பரஸ் மிக அதிகம், கால்சியம் மிகக் குறைவு. இரண்டும் சேர்ந்தால் உடம்பு எலும்பிலிருந்து கால்சியத்தை உருவும். சில மாதத்தில் இன்று ஒரு கால், நாளை மறு கால் என்று மாறி மாறி நொண்டும். பிறகு முகத்தின் இரு பக்க எலும்பும் வீங்கும், மெல்லத் தடுமாறும். பார்ப்பவர்கள் "சுளுக்கு" என்று எண்ணெய் போட்டு நீவிக்கொண்டிருப்பார்கள். கினியாப்புல், கொழுக்கட்டைப்புல்லுக்கும் இதே குணம். புல் முற்றியிருந்தால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். வேறு வழியே இல்லையென்றால் நேப்பியர் தீவனத்தில் சிறு பங்காக இருக்கட்டும், மீதி அருகம்புல்லும் குதிரைமசாலும்.

பச்சைச் சோளத்தட்டை (கோ எஃப்எஸ் 29 ரகம் உட்பட) வாரக்கணக்கில் போட்டால் பின்னங்கால் தள்ளாடும், சிறுநீர் அடக்க முடியாமல் சொட்டும். வேலியோரச் சவுண்டல் தழையிலுள்ள மிமோசின் பிடரி மயிரையும் வால் மயிரையும் உதிர்த்துவிடும். கோழித் தீவனத்தின் பக்கமே விடாதீர்கள். ரத்தக்கழிச்சலுக்காகச் சேர்க்கும் மோனென்சின் போன்ற மருந்துகள் குதிரையின் இதயத் தசையை அழித்துவிடும், ஒரு வாளியே போதும்.

டானிக் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்குங்கள். கால்சியம் வாயில் ஊற்றுவது வீண். நரம்பில் வேகமாக ஏற்றினால் இதயம் நிற்கும், மருத்துவர் அல்லாதவர் கையில் அந்த ஊசி இருக்கவே கூடாது. மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசியும் குதிரைக்கு ஆகாது. குடற்புழு மருந்து முதல் வாரத்தில் வேண்டாம். இரண்டு மூன்று வாரம் கழித்து, சாணத்தைச் சோதித்து, வாய்வழி மருந்தாக மருத்துவர் கொடுக்கட்டும். டானிக் பணத்தில் தடுப்பூசி போடுங்கள். டெட்டனஸ் முதல் ஊசி இப்போதே, நான்கு வாரத்தில் அடுத்தது. புண்ணோடும் லாட ஆணியோடும் இருக்கும் குதிரைக்கு டெட்டனஸ் வந்தால் பெரும்பாலும் பிழைப்பதில்லை. சேணப் புண்ணுக்கு ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் இரண்டு டீஸ்பூன் உப்பு போட்டுக் கழுவினால் போதும். சுண்ணாம்பு, கிரீஸ், பேட்டரி கரி எதுவும் வேண்டாம்.

லாடத்தைக் கழற்றிவிடுங்கள், தோட்டத்து மண்ணில் அது தேவையில்லை. வளர்ந்த குளம்பை ஒரே நாளில் வெட்டித் தள்ளாமல், சில வார இடைவெளியில் இரண்டு மூன்று தவணையாகச் சீவ வேண்டும். மாட்டு லாடக்காரர் பிளவுக் குளம்புக்குப் பழகியவர், அவரிடம் விடாதீர்கள். புல்லை உருட்டி உருட்டித் துப்பினால் கடைவாய்ப் பல்லில் முனை இருக்கிறது, ராவ வேண்டும்.

இப்போது நீங்கள் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி: ரத்தம் சோதித்தீர்களா? கிளாண்டர்ஸ் என்ற பாக்டீரியா நோய் குதிரையிலிருந்து மனிதருக்குத் தொற்றும். மூக்கில் கெட்டிச் சளி, தோலுக்கடியில் முடிச்சு முடிச்சாகக் கட்டி, ஆறாத புண் இருந்தால் கையுறையில்லாமல் தொடாதீர்கள். கால்நடை மருத்துவமனையில் சொன்னால், ஹரியானா ஹிசாரிலுள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையத்தின் சோதனைக்கு மாதிரி அனுப்புவார்கள். உறுதியானால் 2009-ஆம் ஆண்டு விலங்குத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி கருணைக்கொலைதான், சிகிச்சை கிடையாது. சர்ரா என்ற ரத்த ஒட்டுண்ணி நோய்க்கும் சோதித்துப் பாருங்கள். உங்கள் மாடு அறிகுறியே இல்லாமல் அதைச் சுமந்துகொண்டிருக்கலாம், மாட்டு ஈ கடித்துக் குதிரைக்குப் போகும். விட்டு விட்டுக் காய்ச்சல், வெளிறிய ஈறு, கால் வீக்கம் அதன் அடையாளம்.

வீடு தேடுவது கடைசி வேலை. "சும்மா" என்ற சொல் வெளியே போன மறுநாள் தரகர் வருவார், பாசமாகவும் பேசுவார். அந்தியூர் ஆடிச் சந்தையில் நல்ல குதிரைக்காரர்கள் உண்டு, ஆனால் வயதான ஜட்காக் குதிரைக்கு அங்கே நல்ல விலை கொடுப்பவர் அதை வேலைக்குத்தான் வாங்குகிறார். ஊர்வலத்துக்கும் கடற்கரைச் சவாரிக்கும் கேட்பவர்களுக்குக் கொடுக்காதீர்கள். "லேசாக வண்டியில் பூட்டுவேன்" என்பவரிடம் 1965-ஆம் ஆண்டு இழுவை விலங்கு விதிகளைக் கேளுங்கள்: ஒரு நாளில் 9 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, வெயில் 37 டிகிரியைத் தாண்டும் இடத்தில் பகல் 12 முதல் 3 வரை பூட்டக் கூடாது. இந்த விதிகள் தெரியாதவருக்குக் குதிரை கிடையாது.

வருபவரிடம் மூன்று மாதத் தீவனம் காட்டச் சொல்லுங்கள். தனிக் குதிரை ஏங்கும், அவரிடம் இன்னொரு குதிரையோ கழுதையோ, குறைந்தது ஆடு மாடோ இருக்க வேண்டும். முதலில் முப்பது நாள் வளர்ப்புக்கு மட்டும் கொடுத்து, சொல்லாமல் போய்ப் பாருங்கள். பிறகு முத்திரைத்தாளில் எழுதுங்கள்: விற்கக் கூடாது, இனப்பெருக்கம் கூடாது, வைத்துக்கொள்ள முடியாவிட்டால் உங்களிடமே திரும்ப வர வேண்டும். அதற்கு முன்னால் குதிரை உங்களுடையதாக இருக்க வேண்டும். பழைய வண்டிக்காரரிடம் ஒப்படைப்புக் கடிதம் இன்றே வாங்குங்கள். போலீஸ் பிடித்த குதிரை என்றால் நீதிமன்ற உத்தரவு வரும்வரை நீங்கள் வெறும் காப்பாளர், யாருக்கும் கொடுக்க முடியாது.