கேளுங்கள், சொல்கிறேன்: ஸ்டேக் உணவகம் போகும் முன்

ஸ்டேக், அதாவது தடிமனாக வெட்டிச் சுட்ட மாட்டிறைச்சித் துண்டு, பரிமாறும் உணவகம் பற்றி வந்த கடிதங்களை மட்டும் இந்த இதழுக்கென்று தனியே எடுத்து வைத்திருந்தேன். அலுவலக விருந்து, கல்யாண நாள், மேலதிகாரி அழைப்பு என்று காரணம் எதுவாக இருந்தாலும் எல்லோருக்கும் பயம் ஒன்றுதான்: அங்கே போய் அசடு வழியக் கூடாது. சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கேள்வி: எப்படி வேக வைக்க வேண்டும் என்று கேட்பார்களாமே சார், மீடியம் ரேர், அதாவது அரைவேக்காடு, என்று சொன்னால்தான் மதிப்பார்களா? அதில் ரத்தம் வடியுமே, எனக்கு நினைத்தாலே குமட்டுகிறது.

முதலில் ரத்தப் பயத்தை விடுங்கள். தட்டில் சிவப்பாகக் கசிவது ரத்தம் இல்லை. தசையில் ஆக்ஸிஜனைப் பிடித்து வைக்கும் மயோகுளோபின் என்ற புரதம் இறைச்சியின் நீரோடு கலந்து வருகிறது, அவ்வளவுதான். ரத்தம் கிட்டத்தட்ட முழுக்க வெட்டும் இடத்திலேயே வடித்து எடுக்கப்பட்டுவிடும். சூடு ஏற ஏற அந்தப் புரதம் சிவப்பிலிருந்து இளஞ்சிவப்பாகி, பிறகு சாம்பல் பழுப்பாகிவிடுகிறது. நடுப்பகுதி கிட்டத்தட்ட 50 டிகிரி செல்சியஸ் என்றால் ரேர், 55ஐ ஒட்டி மீடியம் ரேர், 60ஐத் தாண்டினால் மீடியம், 70ஐத் தாண்டினால் வெல் டன், அதாவது முழுக்க வெந்தது. கடைக்குக் கடை இது இரண்டு மூன்று டிகிரி முன்னே பின்னே இருக்கும். அதனால்தான் சொல்கிறேன், பெயரோடு நிறுத்தாமல் 'நடுவில் லேசாக இளஞ்சிவப்பு இருக்கலாம், சிவப்பு வேண்டாம்' என்று சாதாரணப் பேச்சில் சொல்லிவிடுங்கள். பரிமாறுபவருக்கு அதுதான் வசதி.

வெல் டன் கேட்டால் சமையல்காரர் முகம் சுளிப்பார் என்பதெல்லாம் பழைய கெத்து. சாப்பிடப் போவது நீங்கள், காசு கொடுப்பதும் நீங்கள் (அல்லது உங்கள் மேலதிகாரி). ஆனால் வெல் டன்தான் வேண்டும் என்றால் டெண்டர்லாயின் என்ற கொழுப்பு குறைந்த துண்டை எடுக்காதீர்கள், வறண்டு போகும்; ரிப் ஐ என்ற கொழுப்பு ஓடிய விலாப் பகுதித் துண்டு தாங்கும். நேரமும் கூடுதலாக ஆகும், பக்கத்தில் இருப்பவர்களின் தட்டு முன்னால் வந்துவிட்டால் கோபப்படாதீர்கள்.

இன்னொன்று. முழுத் துண்டு ஸ்டேக்கில் கிருமி பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும், கடும் சூட்டில் அது செத்துவிடும். அப்படியும் அமெரிக்க விவசாயத் துறை சொல்லும் பாதுகாப்பு அளவு 63 டிகிரி, இறக்கிய பிறகு 3 நிமிடம் ஆற வைப்பது. கொத்திய இறைச்சி என்றால் மேலே இருந்தது உள்ளேயும் கலந்துவிடும் என்பதால் 71. கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள் நன்றாக வெந்ததையே சாப்பிடட்டும், இதில் ரசனைப் பேச்சுக்கு இடமே இல்லை.

கேள்வி: மெனுவைப் பிரித்தால் ஒரே மாட்டுக்குப் பத்துப் பெயர் போட்டிருக்கிறார்கள். எதைத் தொடுவது?

மாடு எந்தத் தசையை அதிகம் அசைக்கிறதோ அது கெட்டியாக இருக்கும். டெண்டர்லாயின் முதுகெலும்பை ஒட்டிச் சும்மா கிடக்கும் தசை, அதனால் பஞ்சு மாதிரி இருக்கும், ஆனால் சுவை சற்று மந்தம். ரிப் ஐயில் கொழுப்பு நரம்பு நரம்பாக உள்ளே ஓடியிருக்கும், சுவை அங்கேதான். ஸ்ட்ரிப்லாயின் இரண்டுக்கும் நடுவில். டி-போன் என்பது எலும்புக்கு ஒரு பக்கம் ஸ்ட்ரிப்லாயின், மறுபக்கம் டெண்டர்லாயின். அதே துண்டில் டெண்டர்லாயின் பக்கம் பெரிதாக இருந்தால் போர்ட்டர்ஹவுஸ். இரண்டு பேர் போனால் நான் இதைத்தான் சொல்வேன், ஒரே தட்டில் இரண்டையும் ருசி பார்த்துவிடலாம்.

டோமஹாக் என்று நீளமான விலா எலும்போடு கோடரி மாதிரி ஒன்று வரும், எல்லா மேசையும் திரும்பிப் பார்க்கும். அது எலும்பு வைத்த ரிப் ஐதான். எடைக்கு விலை என்றால் அந்த எலும்புக்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறீர்கள். போட்டோ எடுப்பதற்கென்றால் தாராளமாக வாங்குங்கள்.

ஹேங்கர், ஸ்கர்ட் என்ற வயிற்றுப் பக்கத் துண்டுகள், மெனுவின் கடைசியில் விலை குறைவாக ஒளிந்திருப்பவற்றை யாரும் கண்டுகொள்வதில்லை. சுவை தூக்கலாக இருக்கும். ஆனால் அதிகம் வேகவிட்டால் ரப்பர், அப்புறம் நார் ஓடும் திசைக்குக் குறுக்காக வெட்டிச் சாப்பிட வேண்டும்.

கேள்வி: போன முறை பில்லைப் பார்த்து மூச்சே நின்றுவிட்டது. மெனுவில் பார்த்த விலை ஒன்று, பில்லில் வேறு. ஏமாற்றிவிட்டார்களா?

பெரும்பாலும் 100 கிராமுக்கு என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள், நீங்கள் முழுத் துண்டுக்கும் அதுதான் விலை என்று நினைத்திருப்பீர்கள். 'இந்தத் துண்டு எத்தனை கிராம், மொத்தம் எவ்வளவு வரும்?' என்று ஆர்டர் கொடுக்கும்போதே கேளுங்கள், வெட்கமே வேண்டாம். மெனுவில் உள்ள எடை பச்சை இறைச்சியின் எடை. சமைக்கும்போது நீரும் கொழுப்பும் போய் கிட்டத்தட்ட கால் பங்கு குறைந்துதான் தட்டுக்கு வரும். உருளைக்கிழங்கு, கீரை, சாஸ் எல்லாவற்றுக்கும் தனிக் கணக்கு. 'அன்றைய விலை' என்று போட்டிருந்தால் தொகையைக் கேட்காமல் தலையாட்டாதீர்கள்.

கேள்வி: 45 நாள் வைத்திருந்த இறைச்சி என்று பெருமையாக எழுதியிருந்தது. கெட்டுப்போகாதா?

கெடாது, ஒழுங்காகச் செய்தால். டிரை ஏஜிங் என்று பெயர். உறைநிலைக்குச் சற்று மேலே, 1 முதல் 3 டிகிரியில், ஈரப்பதமும் காற்றோட்டமும் கட்டுக்குள் இருக்கும் அறையில் பெரிய துண்டாக வைப்பார்கள். இறைச்சியில் இயல்பாக இருக்கும் நொதிகள் நாரை மெல்லத் தளர்த்தும், நீர் வற்றிச் சுவை செறியும். வெளியே கறுத்துக் காய்ந்த ஓட்டைச் செதுக்கி எறிந்துவிடுவார்கள். வற்றிய எடையும் எறிந்த எடையும் உங்கள் பில்லில்தான் ஏறும். மூன்று நான்கு வாரத்திலேயே மிருது வந்துவிடும், அதற்கு மேல் போகப் போகப் பாலாடைக்கட்டி போல ஒரு வாடை ஏறும், சிலர் அதற்காகவே போவார்கள். முதல் முறை என்றால் 30 நாளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஏ5 வாக்யு ஒரு தடவையாவது சாப்பிட வேண்டும் என்று ஆசை. 300 கிராம் போதுமா?

அம்மாடி, கொழுப்பு மிகுந்த ஜப்பானிய மாட்டிறைச்சியான வாக்யுவில், அதுவும் உச்சத் தரமான ஏ5ல், 300 கிராமா! 100 கிராமே தாராளம். அதில் பாதி கொழுப்பு, நாலு வாய்க்கு மேல் திகட்டிவிடும். ஏ5ல் உள்ள 'ஏ' ஒரு மாட்டிலிருந்து எவ்வளவு இறைச்சி தேறும் என்பதற்கான குறி, உங்கள் நாக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 5 தான் தரம். இறைச்சிக்குள் கொழுப்பு எவ்வளவு ஓடியிருக்கிறது என்பதைக் காட்டும், 12 வரை போகும் அளவுகோலில் 8க்குக் கீழே இருந்தால் 5 கிடைக்காது. ஜப்பானுக்கு வெளியே வளர்த்த கலப்பினமும் வாக்யு என்ற பெயரிலேயே விற்கிறது. அது மோசமில்லை, ஆனால் ஏ5 விலை அதற்குக் கொடுக்கக் கூடாது. ஜப்பானில் வளரும் ஒவ்வொரு மாட்டுக்கும் 10 இலக்க அடையாள எண் உண்டு, சான்றிதழைக் கேட்டால் நல்ல உணவகம் சந்தோஷமாகக் காட்டும்.

கேள்வி: சாஸ் கேட்டால் தப்பா?

தப்பில்லை. தனிக் கிண்ணத்தில் கேளுங்கள். முதல் துண்டை மட்டும் வெறுமனே சாப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி: சொன்னதைவிட அதிகமாக வெந்து வந்தால் திருப்பி அனுப்பலாமா? சண்டை போடுகிற ஆள் இல்லை நான்.

சண்டை எதற்கு? தட்டு வந்ததும் ஓரத்தில் தொடங்காமல் நடுவில் ஒரு வெட்டு போடுங்கள், பரிமாறுபவர் பக்கத்தில் நிற்கும்போதே. இப்போது இந்த உணவகங்களில் விளக்கை அவ்வளவு மங்கலாக வைக்கிறார்கள், மஞ்சள் வெளிச்சத்தில் இளஞ்சிவப்பும் பழுப்பும் ஒன்றாகத்தான் தெரியும். போன் டார்ச்சைப் போட்டுப் பார்ப்பதில் அவமானம் ஒன்றுமில்லை. வேகாதது என்றால் மீண்டும் அடுப்புக்குப் போய் வரும். அதிகம் வெந்ததை மீட்க வழி கிடையாது, புதிதாகத்தான் போட வேண்டும். அதனால் ஓரிரு வாயிலேயே சொல்லிவிடுங்கள். முக்கால்வாசி தின்றுவிட்டுக் குறை சொன்னால் யார் கேட்பார்கள்?

கேள்வி: என் மனைவி சைவம். அவளையும் அழைத்துப் போகலாமா?

போகலாம், ஆனால் முந்தைய நாளே போன் செய்துவிடுங்கள். சாலட்டும் காளானும் இருக்கும் என்பதோடு திருப்திப்படாதீர்கள். உருளைக்கிழங்கை மாட்டுக் கொழுப்பில் பொரிக்கும் இடங்கள் உண்டு, வெங்காய சூப்புக்கு மாட்டெலும்பு ரசம் ஊற்றுவார்கள், காய்கறி வாட்டுவதும் பல இடங்களில் இறைச்சி சுடும் அதே கம்பி அடுப்பில்தான். இந்த மூன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். பதில் சொல்பவர் 'பார்த்துக்கொள்கிறோம் சார்' என்று மழுப்பினால் அன்றைக்கு மனைவியை அங்கே அழைத்துப் போக வேண்டாம், நண்பர்களோடு இன்னொரு நாள் போய்க்கொள்ளலாம்.