ராட்ஜர்ஸுக்கு இரண்டு குரலா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். போன வாரம் நீங்கள் எழுதிய கட்டுரையில் போகிற போக்கில் ஒரு வரி வந்தது. ‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’ பாடல்களுக்கு இசையமைத்த ரிச்சர்ட் ராட்ஜர்ஸ்தான் ‘மை ஃபன்னி வாலன்டைன்’ பாட்டையும் போட்டவர் என்று. முதலில் நம்பவில்லை. தேடிப் பார்த்தால் உண்மைதான். நான் லிவர்பூல் கால்பந்து அணியின் ரசிகன். ஒவ்வொரு மேட்சுக்கு முன்பும் மைதானமே சேர்ந்து பாடும் ‘யூ வில் நெவர் வாக் அலோன்’ பாட்டும் அவருடையதாம்.

பிறகு வரிசையாகக் கேட்க ஆரம்பித்தேன். கேட்கக் கேட்க ஏமாற்றமாகிவிட்டது. லொரென்ஸ் ஹார்ட் வரி எழுதிய காலத்துப் பாடல்களில் குறும்பும் வலியும் இருக்கின்றன. ஆஸ்கர் ஹாமர்ஸ்டைன் வந்தபிறகு எல்லாம் பள்ளி ஆண்டுவிழாப் பாட்டு மாதிரி ஆகிவிடுகிறது. இந்த மனிதருக்கென்று சொந்தக் குரல் இருந்ததா, இல்லை பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் அவர் மாதிரி மாறிவிடுகிறவரா? இன்னொன்றும் உறுத்துகிறது. இருபது வருடத்துக்கு மேல் கூட இருந்த ஹார்ட் குடியால் சரிந்துகொண்டிருக்கும்போது அவரை விட்டுவிட்டு வேறு ஆளோடு சேர்ந்தார், ஹார்ட் அதே வருடம் செத்துப்போனார். இதை நீங்கள் எப்படிப் பார்க்கிறீர்கள்?

அன்புடன்,
எஸ்.ஆர்., கோவை

அன்புள்ள எஸ்.ஆர்.,

நல்ல கேள்விகள். இரண்டிலுமே நான் உங்களோடு உடன்படவில்லை. ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ராட்ஜர்ஸ் 1902இல் நியூயார்க்கில் பிறந்தவர். அப்பா டாக்டர், அம்மா நன்றாகப் பியானோ வாசிப்பார். 1919இல் ஹார்ட்டைச் சந்திக்கும்போது ராட்ஜர்ஸுக்கு 16 வயது, ஹார்ட்டுக்கு 23. அந்த ஒரே பிற்பகலில் தனக்கு ஒரு தொழில், ஒரு கூட்டாளி, ஓர் உயிர் நண்பன், தீராத ஓர் எரிச்சல் எல்லாம் கிடைத்துவிட்டன என்று பின்னாளில் எழுதினார். அதற்கப்புறம் ஐந்தாறு வருடம் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஒரு கட்டத்தில் இசையை விட்டுவிட்டு, வாரம் 50 டாலர் சம்பளத்துக்குக் குழந்தைகள் உள்ளாடை விற்கும் வேலைக்குப் போக இருந்தார். அந்த நேரத்தில்தான் 1925இல் ‘தி கேரிக் கெயிட்டீஸ்’ என்ற மேடை நிகழ்ச்சி வந்தது, அதிலிருந்த ‘மன்ஹாட்டன்’ பாட்டு ஊரெல்லாம் பரவியது, அவர் பிழைத்தார், நாமும் பிழைத்தோம்.

இப்போது உங்கள் முதல் கேள்வி. ஹார்ட் காலத்துக்கும் ஹாமர்ஸ்டைன் காலத்துக்கும் நடுவில் மாறியது முக்கியமாக வேலை செய்கிற முறை. ஹார்ட்டுக்கு மெட்டு முதலில் வேண்டும். மெட்டில்லாமல் அவரால் உட்கார முடியாது. மெட்டு இருந்தாலும் ஆளைப் பிடித்து உட்கார வைக்க வேண்டும், இல்லாவிட்டால் காணாமல் போய்விடுவார். பிடித்துவிட்டால் கையில் கிடைத்த காகிதத்தில் மளமளவென்று எழுதித் தள்ளுவார். ஆகவே அந்தப் பாடல்களில் சொற்றொடர் எவ்வளவு நீளம், எங்கே நிற்கும் என்பதையெல்லாம் ராட்ஜர்ஸ் முன்னாலேயே முடிவு செய்துவிட்டார். அந்தச் சின்னச் சின்னக் கட்டங்களுக்குள் ஹார்ட் எதுகையையும் இயைபையும் நிரப்பினார். நீங்கள் சொல்கிற குறும்பு பாதி அதில் பிறந்தது. ஹாமர்ஸ்டைன் நேர் எதிர். பென்சில்வேனியாவில் தன் பண்ணை வீட்டில் வாரக்கணக்கில் ஒரு பாட்டோடு மல்லுக்கட்டி, முழுதாக எழுதி முடித்துத்தான் கொடுப்பார். இப்போது நீளத்தை முடிவு செய்வது பேசுகிற பாத்திரத்தின் மூச்சு. ராட்ஜர்ஸ் அதைக் கேட்டு மெட்டுப் போட வேண்டும்.

‘ஓ வாட் எ பியூட்டிஃபுல் மார்னிங்’ பாட்டின் வரிகளுக்கு ஹாமர்ஸ்டைன் சுமார் மூன்று வாரம் எடுத்துக்கொண்டார், ராட்ஜர்ஸ் பத்து நிமிடத்தில் மெட்டுப் போட்டுவிட்டார் என்று எல்லா இடத்திலும் சொல்வார்கள். இதைக் கேட்டு அவரை மேதை என்பவர்களும் உண்டு, மேம்போக்கானவர் என்பவர்களும் உண்டு. இரண்டு பேரும் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அந்தப் பத்து நிமிடத்துக்கு முன்னால் யார் பாடுகிறார், எந்த இடத்தில், அவருக்கு என்ன வயது, என்ன வேண்டும் என்றெல்லாம் இருவரும் நாள்கணக்கில் பேசியிருந்தார்கள். ‘ஓக்லஹோமா!’ 1943 மார்ச் 31 அன்று நியூயார்க்கின் நாடக அரங்குகள் இருக்கும் பிராட்வேயில் திறந்தபோது திரை விலகியதும் கூட்டமாக ஆடும் பெண்கள் இல்லை. வயதான ஒரு பெண்மணி தனியாக வெண்ணெய் கடைந்துகொண்டிருக்கிறார், மேடைக்கு வெளியிலிருந்து துணைக்கு ஒரு வாத்தியம்கூட இல்லாமல் ஓர் இளைஞனின் குரல் வருகிறது. இசையமைப்பாளர் தன் ஆர்க்கெஸ்ட்ராவை வாய்மூடி உட்காரச் சொல்லித் தன் நாடகத்தைத் தொடங்குகிறார் என்றால் அவருக்குச் சொந்தக் குரல் இல்லை என்று எப்படிச் சொல்வது? 2,212 காட்சிகள் ஓடியது அந்த நாடகம்.

இரண்டு காலத்திலும் மாறாமல் இருப்பது என்ன என்று காதைத் தீட்டிக் கேட்டுப் பாருங்கள். முதலாவது வால்ட்ஸ், அதாவது மூன்றெண்ணிக்கைத் தாளம், நம் திஸ்ரத்தோடு பழகிய காதுக்கு உடனே பிடிபடும். ஹார்ட்டோடு போட்ட ‘லவர்’, ‘ஃபாலிங் இன் லவ் வித் லவ்’. ஹாமர்ஸ்டைனோடு போட்ட ‘ஹலோ யங் லவர்ஸ்’, ‘மை ஃபேவரிட் திங்ஸ்’, ‘எடல்வைஸ்’ எல்லாம் மூன்றெண்ணிக்கைதான். இரண்டாவது, அவர் சுரங்களைப் படிப்படியாகத்தான் நகர்த்துவார், தாவ மாட்டார். தாவினால் அதற்குக் காரணம் இருக்கும். ‘மை ஃபன்னி வாலன்டைன்’ முதல் வரியில் அடுத்தடுத்த மூன்று சுரங்களுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருகிறார், கீழே பாஸ், அதாவது அடியில் ஒலிக்கும் தாழ்ந்த சுரம், மட்டும் மெல்ல இறங்குகிறது, பாட்டின் உச்ச சுரத்தைப் போகாதே என்று கெஞ்சுகிற இடம் வரைக்கும் ஒளித்து வைத்திருக்கிறார். ‘டோ ரே மி’ சுரவரிசையையே பாட்டாக்கியது, அதைவிடப் படிப்படியாகப் போக முடியாது. ‘பாலி ஹாய்’ பாட்டில் மட்டும் முதல் இரண்டு அசையிலேயே ஒரு முழு ஸ்தாயி மேலே எகிறுகிறார், உடனே அரைச்சுரம் சறுக்குகிறார். தூரத்தில் தெரியும், போய்ச் சேர முடியாத தீவு அது, அதனால் அந்தத் தாவல். இது ஒரே ஆளின் கை. யார் வரி எழுதினார் என்று தெரியாமல் கேட்டாலும் எனக்கு அப்படித்தான் படும்.

ஆண்டுவிழாப் பாட்டு என்றது கொஞ்சம் அநியாயம். அந்தப் பாடல்களை நாம் பெரும்பாலும் நாடகத்திலிருந்து பிய்த்து எடுத்துத்தான் கேட்கிறோம். 1949இல் வந்த ‘சவுத் பசிஃபிக்’ நாடகத்தில் இனவெறுப்பு பிறவியில் வருவதில்லை, சின்ன வயதிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப்படுகிறது என்று சொல்கிற சின்னப் பாட்டு ஒன்று உண்டு. அதை எடுத்துவிடுங்கள் என்று பலர் சொன்னார்கள், இருவரும் மறுத்துவிட்டார்கள். 1953இல் ஜார்ஜியா மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்கள் சிலர் அந்தப் பாட்டை எதிர்த்துக் கிளம்பினார்கள். அடுத்து ‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’கில் வருகிற ‘மை ஃபேவரிட் திங்ஸ்’. அந்த மெட்டில் சர்க்கரைதான் இருந்திருந்தால் 1960இல் ஜாஸ் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் அதை எடுத்து ஏறக்குறைய 14 நிமிடம் சாக்ஸபோனில் வாசித்திருக்க மாட்டார். அதன் அடியில் ஒரு பதற்றம் இருக்கிறது. இடி மழைக்குப் பயந்த குழந்தைகளுக்காகப் பாடுகிற இடம் மேடை நாடகத்தில் இந்தப் பாட்டுக்குக் கிடையாது. மடத்தைவிட்டுப் போகப் போகிற பெண் தலைமைக் கன்னியாஸ்திரியோடு சேர்ந்து பாடுகிற பாட்டு அது. சினிமாவில்தான் இடம் மாறியது.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ஹார்ட்டைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கும் மனசு கனக்கும். ஐந்தடிக்கும் குறைவான உயரம், அபார மூளை, ஓயாத குடி. ஆனால் ராட்ஜர்ஸ் கைவிட்டார் என்று சொல்ல மாட்டேன். 1942இல் ‘பை ஜுப்பிட்டர்’ நாடகம் எழுதும்போது ஹார்ட்டைக் குடியிலிருந்து மீட்க மருத்துவமனையில் சேர்த்தார்கள். ராட்ஜர்ஸும் அங்கேயே ஓர் அறை எடுத்து, பியானோவைக் கொண்டுவரச் செய்து, கூடவே இருந்து வேலை செய்தார். அதற்கு முன்பே அவர் ஹாமர்ஸ்டைனிடம் போய் யோசனை கேட்டிருந்தார். ஹாமர்ஸ்டைன் சொன்னதைக் கேளுங்கள். ஹார்ட்டால் முடிகிறவரை அவரோடுதான் நீ வேலை செய்ய வேண்டும், அவரால் முடிக்க முடியாமல் போனால் வெளியில் தெரியாமல் நான் முடித்துத் தருகிறேன் என்றார். இப்படி ஒரு மனிதர். பிறகு ‘ஓக்லஹோமா!’வாக மாறிய நாடகத்தை ஹார்ட்டிடம்தான் ராட்ஜர்ஸ் முதலில் கொண்டுபோனார். ஹார்ட்டுக்கு அந்தக் கிராமத்துக் கதை பிடிக்கவில்லை, மெக்சிகோவுக்குக் கிளம்பிவிட்டார்.

‘ஓக்லஹோமா!’ முதல் நாள் காட்சிக்கு ஹார்ட் வந்திருந்தார், மனம்விட்டுப் பாராட்டினார். ஹார்ட்டுக்கு வேலை கொடுத்தால் நிமிர்வார் என்று அதே வருடம் அவர்களுடைய பழைய நாடகம் ‘எ கனெக்டிகட் யாங்கி’யை ராட்ஜர்ஸ் மறுபடி மேடையேற்றினார். அதற்குப் புதிதாகப் பாடல்களும் எழுதினார் ஹார்ட். நவம்பர் 17 அன்று திறப்பு. அன்றைக்குக் குடித்துவிட்டு வந்து ரகளையானதால் அரங்கிலிருந்து வெளியே அனுப்ப வேண்டியதாயிற்று. ஐந்தாம் நாள், நவம்பர் 22, நிமோனியாவில் போய்விட்டார். வயது 48. இதில் ராட்ஜர்ஸ் இன்னும் என்ன செய்திருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இனிமையான மனிதர் என்று சொல்ல வரவில்லை. கறாரானவர், பாராட்டக் கை வராது. ‘ஹலோ யங் லவர்ஸ்’ வரிகளுக்காக ஹாமர்ஸ்டைன் வாரக்கணக்கில் உயிரைக் கொடுத்து எழுதி ஆள் மூலம் அனுப்பினார். நாள்கணக்கில் பதில் இல்லை. அப்புறம் வேறு ஏதோ விஷயத்துக்காகப் போன் செய்த ராட்ஜர்ஸ், பேச்சோடு பேச்சாக அது சரியாக வருகிறது என்று மட்டும் சொன்னாராம். ஹாமர்ஸ்டைன் மனம் உடைந்துபோனார். ஆனால் அதே ராட்ஜர்ஸ் 1955இல் தாடைப் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்டு சில நாளிலேயே ஒத்திகைக்கு வந்தவர், 1957இல் மனச்சோர்வால் மாதக்கணக்கில் மருத்துவமனையில் இருந்தவர். உள்ளே என்ன ஓடியது என்பதை அவர் யாரிடமும் பேசிக் காட்டியதில்லை, மெட்டில்தான் வைத்தார் என்று நினைக்கிறேன்.

1960 ஆகஸ்டில் ஹாமர்ஸ்டைனும் போய்விட்டார். ‘எடல்வைஸ்’தான் அவர் எழுதிய கடைசி வரிகள். உங்கள் வாதம் சரியாக இருந்தால் அதன்பின் ராட்ஜர்ஸிடம் ஒன்றுமே மிஞ்சியிருக்கக் கூடாது. 1962இல் ‘நோ ஸ்டிரிங்ஸ்’ நாடகத்துக்கு வரிகளையும் தானே எழுதினார். 1965இல் வந்த ‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’ சினிமாவில் வருகிற ‘ஐ ஹேவ் கான்ஃபிடென்ஸ்’, ‘சம்திங் குட்’ இரண்டுக்கும் வரியும் இசையும் அவர்தான். நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனாலும் எதிரில் உட்கார்ந்து மல்லுக்கு நிற்க ஓர் ஆள் இல்லாத குறை அவற்றில் எனக்குத் தெரிகிறது. அதே வருடம் பாடலாசிரியர் ஸ்டீவன் சோண்ட்ஹைமோடு சேர்ந்தது இருவருக்கும் கசப்பில் முடிந்தது. 1974இல் குரல்வளையை எடுத்துவிட்டார்கள், வேறு வகையில் பேசக் கற்றுக்கொண்டார், அதற்குப் பிறகும் இரண்டு நாடகம் செய்தார். கடைசி நாடகம் 1979 மே மாதம், இறந்தது அந்த டிசம்பரில்.

ஒன்று செய்யுங்கள். உங்கள் லிவர்பூல் பாட்டு வருகிற நாடகம் 1945இல் மேடையேறிய ‘கேரசல்’. அதில் ‘சொலிலக்வி’ என்று ஒரு பாட்டு இருக்கிறது, முதல் நாடகத்தில் நடித்த ஜான் ரெய்ட் பாடிய பதிவு கிடைக்கும். ஏழெட்டு நிமிடம், ஒரே ஆள், தனியாக. பில்லி என்கிற முரடனுக்கு மனைவி கர்ப்பம் என்று தெரியவருகிறது. பையன்தான் என்று முடிவுகட்டிக்கொண்டு அவன் மார்தட்டுகிற முதல் பாதியில், ஹார்ட் காலத்தில் உங்களுக்குப் பிடித்த அந்தத் திமிரும் துள்ளலும் அப்படியே இருக்கின்றன. நடுவில் சட்டென்று உறைக்கிறது, பெண்ணாகப் பிறந்தால்? இசை அங்கே நிற்கிறது, திரும்பவும் தொடங்கும்போது வேறு ஆளாகத் தொடங்குகிறது. பணமில்லாத அப்பனாக இருக்கக் கூடாது, திருடியாவது சம்பாதிப்பேன், இல்லை சாவேன் என்ற முடிவோடு அவன் முடிக்கிறான், அந்த முடிவுதான் அவனைக் கொல்கிறது. வரியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு தடவை, வரி இல்லாமல் ஒரு தடவை கேளுங்கள். இது எந்த ராட்ஜர்ஸ் என்று உங்களுக்குத் தோன்றுவதை எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா