பதில்: மன்னிப்பு கிடைத்தபின் பணத்தைத் திருப்பித் தர வேண்டுமா?

சகோதரரே, பாரிமுனைக் கடைப் பங்காளியிடம் மறைத்த 50,000 ரூபாயைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இயேசுவின் சிலுவைப்பலி கடவுளுக்கு முன்பான குற்றத்தைத் தீர்க்கிறது. ஆனால் அதனால் பங்காளியின் பணம் உங்களுடையது ஆகிவிடாது. பலர் இரண்டையும் குழப்பி, ஜெபத்தோடு நிறுத்திவிடுகிறார்கள்.

பழைய ஏற்பாட்டுச் சட்ட நூலான லேவியராகமம் 6:5-ஐப் பாருங்கள். குற்றம் நீங்கச் செலுத்தும் குற்றநிவாரண பலியை இடும் நாளிலேயே முதல் தொகையையும் அதோடு கூடுதலாக அதில் ஐந்தில் ஒரு பங்கையும் உரியவனுக்குக் கொடுக்க வேண்டும். உங்கள் கணக்கில் 60,000. அந்தச் சட்டம் இன்று நம்மைக் கட்டாது என்பது சரிதான். ஆனாலும் நல்ல அளவுகோல் அது. காணிக்கைப் பெட்டியில் போடாதீர்கள், பங்காளியின் கையிலேயே கொடுங்கள். முடியாவிட்டால் தவணை சொல்லுங்கள்.

ஒன்று மட்டும்: இது இரட்சிப்புக்கான விலை அல்ல. வரி வசூலிப்பவனான சகேயு (லூக்கா 19) இயேசுவைச் சந்தோஷமாய் ஏற்றுக்கொண்ட பிறகுதான் அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காக, திருப்பித் தருவதாகச் சொன்னான்.