டிராகனுக்கு எடை எங்கிருந்து வருகிறது: கேள்வி பதில்

ஃபேன்டசி படங்களில் வரும் டிராகன், பூதம், விசித்திர மிருகங்கள் பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. என்னைப் பற்றி ஒரு வரி: கோலாலம்பூரில் ஓர் அனிமேஷன் ஸ்டூடியோவில் ரிக்கிங் வேலை. கம்ப்யூட்டரில் செய்த மிருகத்துக்குள் எலும்பு, மூட்டு, தசை எல்லாம் பூட்டி, அனிமேட்டர் ஆட்டுவிக்கத் தோதாகக் கொடுப்பவன். ஒரே மாதிரி கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

செந்தூல்காரன்: அண்ணே, சுத்தி வளைக்காமல் சொல்லுங்கள். இதுவரை வந்த டிராகன்களில் நம்பர் ஒன் எது?

1981-இல் வந்த 'டிராகன்ஸ்லேயர்' படத்து வெர்மித்ராக்ஸ். கம்ப்யூட்டர் மிருகம் எதுவும் வராத காலம் அது.

காரணம் சொல்கிறேன். பொம்மையைக் கொஞ்சம் நகர்த்தி ஒரு படம் எடு, மறுபடி நகர்த்தி இன்னொரு படம் எடு என்று போவது ஸ்டாப் மோஷன். ஒரு வினாடிக்கு 24 படம். இதில் ஒரு சிக்கல். நிஜத்தில் ஓடும் நாயைப் படமெடுத்தால், ஒவ்வொரு பிரேமிலும் அதன் கால் லேசாகக் கலங்கி இழுபட்டிருக்கும். அந்தக் கலங்கலைப் பார்த்துத்தான் நம் கண் அதை 'ஓட்டம்' என்று ஏற்றுக்கொள்கிறது. ஸ்டாப் மோஷனில் பொம்மை அசையாமல் நிற்கும்போது படமெடுப்பதால் ஒவ்வொரு பிரேமும் கத்தி மாதிரி கூர்மை. அதனால்தான் பழைய படங்களில் மிருகங்கள் வெட்டி வெட்டி நடக்கும். ஸ்டாப் மோஷன் கலைஞர் ஃபில் டிப்பெட்டும், ஐஎல்எம் என்ற எஃபெக்ட்ஸ் நிறுவனத்தின் குழுவும் இந்தப் படத்தில் பொம்மையைக் கம்பிகளில் பூட்டி, கம்பிகளை மோட்டாரில் பூட்டி, கேமராவின் ஷட்டர் திறந்திருக்கும் அந்த நொடியிலேயே பொம்மையை அசைத்தார்கள். கோ மோஷன் என்று பெயர். வெர்மித்ராக்ஸ் குகைக்குள் ஊர்ந்து வரும் காட்சியைப் பாருங்கள். இறக்கையின் மணிக்கட்டைத் தரையில் ஊன்றி, தோளைத் தூக்கி, அப்புறம்தான் உடம்பை இழுக்கும். அலுத்துப்போன கிழட்டு மிருகம். செத்துக் கிடக்கும் தன் குட்டியை மூக்கால் மெல்லத் தள்ளிப் பார்க்கும் இடம் வரும். வில்லன் மிருகத்துக்கு அப்படி ஒரு நிமிடம் கொடுக்க எத்தனை படங்களுக்கு மனசு வருகிறது?

ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது, விருது கிடைக்கவில்லை. தோற்றது 'ரெய்டர்ஸ் ஆஃப் தி லாஸ்ட் ஆர்க்' படத்திடம். அதற்கும் எஃபெக்ட்ஸ் செய்தது இதே ஐஎல்எம்தான்.

பட்டர்வொர்த் பாமா: எங்கள் அப்பா சின்ன வயதில் பினாங்கு ரோடு தியேட்டரில் சிந்துபாத் படம் பார்த்தாராம். எலும்புக்கூடுகள் கூட்டமாக வந்து வாள் சண்டை போடும் என்கிறார். நான் பார்த்த சிந்துபாத்தில் ஒரே ஓர் எலும்புக்கூடுதான். யார் சொல்வது சரி?

அப்பா இரண்டு படங்களைச் சேர்த்து நினைவில் வைத்திருக்கிறார் என்று நினைக்கிறேன். இரண்டுமே ஸ்டாப் மோஷன் கலைஞர் ரே ஹாரிஹவுசன் கைவண்ணம். 1958-இல் வந்த 'தி செவன்த் வாயேஜ் ஆஃப் சின்பாத்' படத்தில் ஒரே எலும்புக்கூடு. ஒற்றைக் கண் அரக்கனும் டிராகனும் மோதுவதும் அதில்தான். கூட்டமாக வருவது 1963-இன் 'ஜேசன் அண்ட் தி ஆர்கொனாட்ஸ்'. ஏழு எலும்புக்கூடுகள், எதிரே மூன்று மனிதர்கள். சில நிமிடமே ஓடும் அந்தச் சண்டையை முடிக்க ஹாரிஹவுசனுக்கு நாலரை மாதம் ஆனது. நடிகர்கள் முன்பே காற்றில் வாள் வீசி நடித்துவிட்டார்கள். அந்த வீச்சு ஒவ்வொன்றுக்கும் பொருந்தும்படி ஏழு பொம்மைகளின் கை, கால், தலை, வாள், கேடயத்தைப் பிரேம் பிரேமாக நகர்த்தியவர் ஒற்றை ஆள். அப்பாவோடு உட்கார்ந்து இரண்டையும் பாருங்கள் அக்கா.

கெப்போங் வாசகர்: 'ஹாபிட்' முதல் பாகத்தில் ஸ்மாக் என்ற டிராகனுக்கு நாலு கால், இரண்டாம் பாகத்தில் இரண்டு கால். கவனக்குறைவா?

நல்ல கண் உங்களுக்கு. 2012-இல் தியேட்டரில் ஓடிய முதல் பாகத்தில், கோட்டைக்குள் நுழையும்போது முன்னங்கால் தெரியும். 2013-இல் 'தி டெசலேஷன் ஆஃப் ஸ்மாக்' வருவதற்குள் வீட்டா டிஜிட்டல் குழு வடிவத்தை மாற்றிவிட்டது. இறக்கையே கை, பின்னால் இரண்டு கால். முதல் பாகத்தின் நீட்டிக்கப்பட்ட பதிப்பில் அந்தக் காட்சியையும் அதற்கேற்பத் திருத்திவிட்டார்கள்.

மாற்றியது சரியா என்றால், என் தொழில்முறையில் சொல்கிறேன், நூறு சதவீதம் சரி. வௌவாலின் இறக்கை என்பது விரல் நீண்ட கை. பறவைக்கும் கைதான் இறக்கை. டிராகனுக்கு நாலு காலும் கொடுத்து இரண்டு இறக்கையும் கொடுத்தால் ஆறு உறுப்பு ஆகிவிடும். முன்னங்காலுக்கு ஒரு தோள்பட்டை வேண்டும், இறக்கைக்கு இன்னொரு தோள்பட்டை வேண்டும், இரண்டையும் இயக்கும் நெஞ்சுத் தசையை எங்கே வைப்பது? ரிக் செய்யும்போது தோல் அந்த இடத்தில் கசங்கிச் சுருட்டிக்கொள்ளும். இறக்கையை விரித்தால் முன்னங்கால் இழுபடும்.

இயற்கையில் ஒரு குறுக்கு வழி உண்டு, அதுவும் நம் ஊரிலேயே. பினாங்கில் காட்டுப் பக்கம் போகிறவர்கள் மரத்துக்கு மரம் தாவும் பறக்கும் ஓணானைப் பார்த்திருப்பீர்கள். அறிவியலில் அதற்கு டிராகோ என்றே பெயர். அதற்கு நாலு காலும் உண்டு, இறக்கையும் உண்டு. காரணம், அந்த இறக்கையைத் தாங்குவது கை அல்ல, நீண்டு விரியும் விலா எலும்புகள். ஆனால் அதைச் சிறகு மாதிரி அடிக்க முடியாது, சறுக்கத்தான் முடியும். சறுக்கிக்கொண்டே வரும் டிராகனுக்கு எந்தத் தயாரிப்பாளரும் காசு கொடுக்க மாட்டார்.

இரண்டு கால் வடிவத்தால் இன்னொரு லாபம். பெனடிக்ட் கம்பர்பேட்ச் குரல் மட்டும் கொடுக்கவில்லை, உடல் அசைவைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்யும் மோஷன் கேப்சர் உடுப்பு மாட்டித் தரையில் தவழ்ந்தும் நடித்தார். இறக்கையே கையாக இருந்தால் அந்த ஊர்தலை மிருகத்துக்குக் கொண்டு போவது சுலபம். ஸ்மாக் வரும் காட்சிகளில் என் கண் அதன் முகத்துக்குப் போவதே இல்லை. காலடியில் சரியும் தங்கக் காசுகளைத்தான் பார்ப்பேன். அத்தனை பெரிய உடம்பு திரும்பும்போது காசு மலை எப்படிப் பிளந்து வழிகிறது பாருங்கள். காசு சரியாவிட்டால் ஸ்மாக்குக்கு எடை இல்லை, எடை இல்லாவிட்டால் பயமும் இல்லை.

சுங்கை பூலோ தம்பி: பொம்மை பெஸ்டா, கிராபிக்ஸ் பெஸ்டா? எங்கள் மாமாக் கடை மேசையில் இந்தச் சண்டை தீரவே இல்லை.

தீராது தம்பி. 'ஜுராசிக் பார்க்' (1993) டைனோசர் படம், ஃபேன்டசி இல்லை. இருந்தாலும் தீர்ப்பு அதில்தான் இருக்கிறது. மொத்தப் படத்தில் டைனோசர் திரையில் இருப்பது சுமார் 15 நிமிடம். அதில் கம்ப்யூட்டர் செய்தது சுமார் 6 நிமிடம். மிச்சமெல்லாம் ஸ்டான் வின்ஸ்டன் குழு கட்டிய இயந்திர மிருகங்கள். மழைக் காட்சியில் அந்த முழு அளவு டி-ரெக்ஸின் நுரை ரப்பர் தோல் தண்ணீரைக் குடித்துக் கனத்துப்போய், இயந்திரம் வெடவெடவென்று நடுங்க ஆரம்பித்துவிட்டது. ஒவ்வொரு ஷாட்டுக்கும் நடுவில் ஆட்கள் துண்டால் அதைத் துவட்டிக்கொண்டிருந்தார்கள். டைனோசருக்குத் தலை துவட்டும் வேலை! சம்பளம் எவ்வளவு என்றுதான் யாரும் எழுதவில்லை.

அந்தப் படத்துக்கு முதலில் கோ மோஷன்தான் திட்டம். கம்ப்யூட்டர் சோதனைக் காட்சியைப் பார்த்த டிப்பெட், தன் இனமே அழிந்துபோச்சு என்ற அர்த்தத்தில் ஒரு வார்த்தை சொன்னார். அது படத்தில் வசனமாகவே வந்துவிட்டது. ஆனால் அவரை வீட்டுக்கு அனுப்பவில்லை. மூட்டுக்கு மூட்டு சென்சார் வைத்த ஒரு பொம்மை எலும்புக்கூடு செய்தார்கள். பொம்மை ஆட்டிப் பழகியவர்கள் அதைக் கையால் வளைத்தால் திரையில் கம்ப்யூட்டர் டைனோசர் வளையும். மென்பொருள் தெரிந்தவர்களுக்கு நடை தெரியாது, நடை தெரிந்தவர்களுக்கு மென்பொருள் தெரியாது. இருவரையும் இணைத்தது அந்தக் கருவி. மேசையில் இதைச் சொல்லிவிட்டு தே தாரிக் பில்லைத் தோற்றவர் தலையில் கட்டுங்கள்.

ஜெலுத்தோங் வாசகி: 'டிராகன்ஹார்ட்' சின்ன வயதில் உயிர். இப்போது பார்த்தால் ஒட்டவே இல்லையே?

1996 படம் அது மா. சுற்றியிருக்கும் வெளிச்சத்தோடு தோல் ஒட்டாது, அது உண்மை. ஆனால் முகத்தைப் பாருங்கள். குரல் கொடுத்த ஷான் கானரி பேசும் பழைய காட்சிகளைச் சேகரித்து, அவர் புருவம் தூக்குவது, உதட்டோரம் சிரிப்பது எல்லாவற்றையும் டிராகோ என்ற அந்தப் படத்து டிராகனுக்குக் கொடுத்தார்கள். வசனம் பேசும் கம்ப்யூட்டர் மிருகத்தை ஒரு படத்தின் நாயகனாகவே நிறுத்தும் துணிச்சல் அப்போது அபூர்வம். டிராகோவை வடிவமைத்ததும் டிப்பெட்தான்.

அம்பாங் ரவி: தீ நிஜமா?

பல இடங்களில் நிஜம். 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரின் ஏழாம் சீசனில், வண்டி வரிசையை டிராகன் எரிக்கும் போரில், ஒரே ஷாட்டில் 20 ஸ்டண்ட் கலைஞர்கள் உடம்பில் தீயோடு ஓடினார்கள். டிராகன்தான் கம்ப்யூட்டர். அதன் வாய் எந்தப் பாதையில் போகிறதோ அதே பாதையில் கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் நகரும் தீ பீய்ச்சியை வைத்துத் தனியாகப் படமெடுத்து இணைப்பார்கள். நிஜத் தீ பக்கத்தில் நிற்பவன் முகத்தில் மஞ்சளாக விழும். அதைப் பிற்பாடு பொய்யாகச் சேர்ப்பது பெரிய தலைவலி.

தஞ்சோங் பூங்கா மாணவன்: உறுமல் சத்தம் எப்படி?

டி-ரெக்ஸ் உறுமலில் யானைக்குட்டி, புலி, முதலை மூன்றும் கலந்திருக்கின்றன. செய்தவர் கேரி ரைட்ஸ்ட்ராம். 1954-இன் காட்ஸில்லாவுக்கு மிருகமே இல்லை: பிசின் தடவிய தோல் கையுறையால் டபுள் பேஸ் வாத்தியத்தின் தந்தியை இழுத்து, அந்தப் பதிவின் வேகத்தைக் குறைத்தார்கள். யோசனை இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபேயுடையது.

ஆயர் ஈத்தாம் வாசகர்: நம் ஊர் சீனக் கோயில் டிராகனுக்கு இறக்கையே இல்லை. அது பறப்பதை எப்படி நம்ப வைப்பது?

சீனப் புத்தாண்டுக்கு டிராகன் நடனம் ஆடும்போது கம்பு பிடித்தவர்களைக் கவனியுங்கள். தலை பிடித்தவர் இடப்பக்கம் வெட்டுவார். அடுத்தவர் அரை நொடி தாமதித்து அதே பாதையில் போவார், அவருக்கு அடுத்தவர் இன்னும் தாமதித்து. வால் வந்து சேர்வதற்குள் தலை வேறு பக்கம் திரும்பியிருக்கும். அனிமேஷனில் நாங்கள் செய்வதும் அச்சு அசலாக இதுவே. தலை முடிவு செய்யும், உடம்பு பின்னால் வந்து சேரும். காற்றைத் தண்ணீர் போல நினைத்து நீந்தவிட்டால் இறக்கையை யாரும் தேட மாட்டார்கள்.

இதில் உச்சம் மியாசாகியின் 'ஸ்பிரிட்டட் அவே' (2001). டிராகன் வடிவில் அடிபட்டுக் கிடக்கும் ஹாக்குவின் வாயைப் பிளந்து, சிஹிரோ என்ற சிறுமி மருந்து உருண்டையைத் திணிக்கும் காட்சி. நாய்க்கு மருந்து கொடுப்பது போல வரையுங்கள் என்றார் மியாசாகி. அவருடைய ஆட்கள் கால்நடை மருத்துவரிடம் போய், நாயின் வாயைத் திறந்து பல்லையும் ஈறையும் படமெடுத்து வந்தார்கள். அதனால்தான் அந்தக் காட்சியில் டிராகன் கடிக்கப் பார்ப்பதும், தலையை உதறுவதும், விழுங்காமல் அடம்பிடிப்பதும் அவ்வளவு நெருக்கமாக இருக்கிறது.

பிரிக்பீல்ட்ஸ் நண்பர்: தமிழ்ப் படத்தில் ஏன் இப்படி ஒன்று வருவதில்லை? நமக்குத் திறமை இல்லையா?

திறமைக்குக் குறைச்சல் இல்லை. 1957-இல் 'மாயா பஜார்' படத்தில் எஸ்.வி. ரங்காராவ் வாய்க்கு லட்டுகள் தாமாகத் தாவிப் போனதே, மார்கஸ் பார்ட்லியின் கேமரா வித்தை அது. 2012-இல் 'நான் ஈ'. ஈக்கு உதடு இல்லை, புருவம் இல்லை, முகபாவம் காட்ட ஒன்றுமே இல்லை. தலைச் சாய்வும் முன்னங்காலும் வைத்தே கோபம், கேலி, பழிவாங்கும் வெறி எல்லாம் காட்டினார்கள். என்னைக் கேட்டால் பல கோடி டிராகன்களைவிட அந்த ஈ நன்றாக நடித்தது. நம்மிடம் குறைவது அவகாசம். ரிலீஸ் தேதியை முதலில் அறிவித்துவிட்டு, ஷாட்டை அப்புறம் கொடுத்தால் எந்த மிருகத்துக்கும் உயிர் வராது.

நம் மண்ணுக்கும் இதில் பங்கு உண்டு. 'லைஃப் ஆஃப் பை' (2012) புலியைச் செய்த ரிதம் அண்ட் ஹியூஸ் நிறுவனத்தின் கிளைகள் பல நாடுகளில் அந்தப் படத்துக்கு உழைத்தன, மலேசியக் கிளையும் சேர்த்து. பாண்டிச்சேரியில் தொடங்கும் கதை, பாம்பே ஜெயஸ்ரீயின் தமிழ்த் தாலாட்டு, இங்கே உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள். நிறுவனம் 2013 பிப்ரவரியில் திவாலானது. அதே மாதம் ஆஸ்கரும் வென்றது. விருது வாங்கியவர் மேடையில் நிறுவனத்தின் நிலையைச் சொல்லத் தொடங்கியபோது 'ஜாஸ்' சுறா இசையைப் போட்டு நிறுத்தினார்கள். எங்கள் துறையில் அந்த இசையை இன்னும் யாரும் மறக்கவில்லை.

பூச்சோங் அம்மா: மகளுக்கு எட்டு வயது. பயப்படாமல் பார்க்க ஒரு டிராகன் படம்?

'ஹவ் டு ட்ரெய்ன் யுவர் டிராகன்' (2010). டூத்லெஸ் பாதி பூனை, பாதி நாய். 'பேன்ஸ் லேபிரிந்த்' (2006) மட்டும் வேண்டாம், பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். உள்ளங்கையில் கண் வைத்த பூதம் வரும். அந்த வேடத்துக்குள் இருந்த டக் ஜோன்ஸ் மூக்குத் துளை வழியாகத்தான் வெளியே பார்த்தார். மகள் தூங்கியதும் நீங்கள் பாருங்கள்.

எஸ்பிஎம் முடித்த பினாங்குப் பையன்: இந்த வேலைக்கு வர என்ன செய்ய வேண்டும் அண்ணே?

பிளெண்டர் என்ற அனிமேஷன் மென்பொருள் இலவசம், இன்றைக்கே இறக்கிக்கொள். ஆனால் டிராகனில் ஆரம்பிக்காதே. வீட்டுப் பக்கத்து லோங்காங்கில் (சாக்கடையில்) உடும்பு போனால் போனில் வீடியோ எடு. முன்னங்கால் எப்போது தரையைத் தொடுகிறது, அப்போது எதிர்ப்பக்கப் பின்னங்கால் எங்கே இருக்கிறது, முதுகெலும்பு எந்தப் பக்கம் வளைகிறது, எல்லாவற்றையும் பிரேம் பிரேமாகப் பார்த்து வரை. கோலாலம்பூர் வந்தால் ஸூ நெகாராவில் யானை, தாபிர் முன்னால் அரை நாள் உட்கார். அப்புறம் பத்து வினாடி நடை ஒன்றைச் செய்து அனுப்பு. தீ, புகை, இடி மின்னல் எதுவும் சேர்க்காதே. ஆள் எடுக்கும்போது நாங்கள் முதலில் பார்ப்பது பாதம் தரையில் வழுக்குகிறதா என்பதைத்தான்.