அம்மாவின் மறதியை வயதின் மேல் போடலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 69. ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர். வீட்டுக் கணக்கைப் பிசகில்லாமல் எழுதிவைப்பவர். எட்டு மாதங்களாக மறதி கூடிவருகிறது. ஒரே கேள்வியைப் பத்து நிமிடத்துக்குள் மூன்று முறை கேட்கிறார். கட்டி முடித்த மின்கட்டணத்தை மறுபடி கட்டப் புறப்படுகிறார். ஆறு வாரங்களுக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்தார். பெரிய அடி இல்லை. இப்போது மறதி இன்னும் மோசம், பகலிலும் தூங்குகிறார். ‘வயதானால் எல்லோருக்கும் வருவதுதான்’ என்கிறான் தம்பி. டாக்டர் என்றாலே அம்மாவுக்குக் கோபம் வருகிறது. என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரி,

நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன இடத்தில்தான் நான் நின்றுவிட்டேன். அம்மா விழுந்திருக்கிறார். அதன் பிறகு மறதி வேகம் பிடித்திருக்கிறது.

வயது ஏற ஏற மூளை சற்றே சுருங்கும். அதனால் மூளைக்கும் அதன் வெளியுறைக்கும் இடையே ஓடும் மெல்லிய ரத்தக்குழாய்கள் இழுபட்டு நிற்கும். சிறு அடியிலேயே அவற்றில் ஒன்று கசியலாம். கசியும் ரத்தம் வாரக்கணக்கில் மெதுவாகச் சேர்ந்து மூளையை அழுத்தும். வெளியே வீக்கமோ காயமோ தெரியாது. மறதி, பகல் தூக்கம், தலைவலி, நடையில் தள்ளாட்டம் என்றுதான் வெளிப்படும். சி.டி. ஸ்கேன் எடுத்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். தேவைப்பட்டால் மண்டையோட்டில் சிறு துளையிட்டு ரத்தத்தை வெளியேற்றுவார்கள். பலர் நன்றாகத் தேறிவிடுகிறார்கள். அம்மாவுக்கு இதுதான் என்று நான் சொல்லவில்லை. ஆனால், இதுவா இல்லையா என்று உறுதிசெய்யத் தாமதிக்கக் கூடாது. நாளையே போங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால் இன்றைக்கே. வாந்தி, எழுப்பினாலும் சரியாக விழிக்காத மயக்கம், ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி, வாய் கோணல், பேச்சுக் குளறல், திடீர்க் குழப்பம் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும், நள்ளிரவானாலும், நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு.

விழுவதற்கு முன்பே தொடங்கிய மறதிக்கு வேறு காரணமும் இருக்கலாம்.

தம்பி சொல்வதில் பாதி சரி. வயதானால் ஒரு பெயர் நாக்கு நுனிவரை வந்து நின்றுவிடும். சற்று நேரம் கழித்துத் தானே வரும். மூக்குக் கண்ணாடியை எங்கோ வைத்துவிட்டு, எங்கே கழற்றினோம் என்று யோசித்து எடுத்துவிடுவோம். அது நோயல்ல. அம்மாவுக்கு நடப்பது வேறு. கேள்வி கேட்டதன் சுவடே அவரிடம் இல்லை. கைவந்த கணக்கு கைநழுவுகிறது. அடுத்த வீட்டு மூதாட்டியோடு அவரை ஒப்பிடாதீர்கள்; ஐந்து ஆண்டுகளுக்கு முந்தைய அம்மாவோடு ஒப்பிடுங்கள். அன்றாட வேலையைத் தடுக்கும் மறதி எந்த வயதிலும் இயல்பு அல்ல.

வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு, உறக்கத்தில் மூச்சு தடைபடுவது, தூக்க மாத்திரை, சிலவகை ஒவ்வாமை மாத்திரை... இவையெல்லாம் மறதியைக் கொண்டுவரும். இவற்றுக்கு மருத்துவம் உண்டு. ‘வயதாகிவிட்டது’ என்று வீட்டிலேயே தீர்ப்பு எழுதிவிட்டால், தீர்த்திருக்கக்கூடிய ஒன்றையும் அல்லவா இழந்துவிடுகிறோம்? இது என்னை மிகவும் வருத்தும் விஷயம்.

அல்சைமர் நோயாகவும் இருக்கலாம். புதிய நினைவுகளைப் பதியவைக்கும் பகுதியைத்தான் அது பெரும்பாலும் முதலில் தாக்கும். பள்ளிக்கூடக் காலத்துக் கதையை ஒன்றுவிடாமல் சொல்பவர் காலையில் நடந்ததை மறப்பது அதனால்தான். ‘பழையதெல்லாம் நினைவிருக்கிறதே’ என்று ஏமாந்துவிடாதீர்கள். டோனெபெசில் போன்ற மருந்துகள் சிலருக்குச் சிறிது காலம் கைகொடுக்கும், நோயை நிறுத்தாது. இருந்தும் முன்னதாகவே தெரிந்துகொள்ளச் சொல்கிறேன். தன் பணம், தன் சிகிச்சை, தான் யாரோடு இருப்பது என்பதையெல்லாம் அம்மா தன் வாயாலேயே சொல்லும் காலம் இது.

அவருடைய கோபத்துக்கு அடியில் பயம் இருக்கக்கூடும். ‘இப்போதுதானே சொன்னேன்’ என்று வாதிடாதீர்கள். ‘நேற்று யார் வந்தார், சொல்லுங்கள்’ என்று சோதிக்காதீர்கள். மறதிக்காக என்று அழைக்காமல், விழுந்ததைக் காட்டிவிட்டு வரலாம் என்று அழையுங்கள். அது பொய்யும் இல்லை. அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டர் சில சொற்களை நினைவில் வைக்கச் சொல்லலாம், கடிகாரம் வரையச் சொல்லலாம். அம்மா தடுமாறும்போது பார்த்துக்கொண்டிருக்க மனம் கேட்காது; ஆனாலும் நீங்கள் முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடாதீர்கள்.

எது எப்போது தொடங்கியது என்பதை ஒரு தாளில் எழுதி, உள்ளே போகுமுன் டாக்டரிடம் சேர்த்துவிடுங்கள். அம்மாவின் முன்னால் அவர் குறைகளை அடுக்க வேண்டியிருக்காது. அந்தத் தாளின் முதல் வரியில் அவர் விழுந்த தேதியை எழுதுங்கள்.