கார் ஷெட்டை வாடகை அறையாக்கலாமா?

கேள்வி: திருச்சி உறையூரில் சொந்த வீடு. முன்பக்கம் கான்கிரீட் கூரை போட்ட 10-க்கு 18 அடி கார் ஷெட். சுவர் எழுப்பி, கழிவறையோடு ஓர் அறையாக்கினால் மாதம் 6,000 ரூபாய் வாடகை கிடைக்கும் என்கிறார்கள். கொத்தனார் 3.2 லட்சம் கேட்கிறார். 9 லட்சம் ஃபிக்ஸட் டெபாசிட் இருக்கிறது. அதைத் தொடாமல் 13% வட்டியில் பெர்சனல் லோன் வாங்கலாமா? பணி ஓய்வுக்கு இன்னும் 4 ஆண்டுகள். காரை மாதம் இரண்டு முறைதான் எடுக்கிறோம்.

பதில்: பெர்சனல் லோன் வேண்டாம். அறை கட்டலாமா என்பதைத் தீர்மானிக்கப்போவது உங்கள் கார்தான்.

முதலில் செலவு. கொத்தனார் சொன்ன தொகையில் சுவர், கதவு, டைல்ஸ் இருக்கும். தரையை உயர்த்துவது, சுவருக்கு அடியில் பீம், கழிவுநீர்க் குழாய், வயரிங், பொறியாளர் கட்டணம், அனுமதிச் செலவு எல்லாம் சேர்ந்திருக்கிறதா என்று எழுதி வாங்குங்கள். கணக்குக்கு 4.8 லட்சம் என்று வைத்துக்கொள்கிறேன். இதை 13% வட்டியில் 5 ஆண்டுக் கடனாக எடுத்தால் மாதத் தவணை ஏறக்குறைய 10,900 ரூபாய். வாடகை 6,000 போக மீதி 4,900-ஐ கையிலிருந்து போட வேண்டும். கடைசி ஓராண்டுத் தவணை ஓய்வூதியக் காலத்துக்குள் வந்து விழும்.

டெபாசிட்டிலிருந்து எடுத்தால்? ஆண்டில் ஒரு மாதம் அறை காலியாகக் கிடக்கும் என்றே வைத்தால் வாடகை 66,000. கூடுதல் சொத்து வரி, பழுதுபார்ப்புக்கு 8,000 போக 58,000. அதாவது 12% வருமானம். காரை வைத்துக்கொண்டு வெளியே மாதம் 1,000 கொடுத்து நிறுத்தினால் அதுவே 46,000 ஆகிவிடும், 9.6%. டெபாசிட்டில் 7% வட்டி என்றால் 33,600. 12,400 ரூபாய் வித்தியாசத்துக்காக வாடகைதாரர் பொறுப்பையும், திரும்பி வராத முதலீட்டையும் ஏற்க வேண்டுமா? ஆகவே காரை விற்றால் கட்டுங்கள், விற்க மனமில்லையென்றால் விட்டுவிடுங்கள். மாதம் இரண்டு பயணத்துக்கு வாடகைக் காரே போதும். விற்ற பணமும் செலவுக்கு உதவும்.

வரியிலும் வாடகைக்குச் சாதகம் உண்டு. அந்தப் பகுதிக்குக் கட்டிய சொத்து வரியைக் கழித்து, மீதியில் 30% கழிவு போகத்தான் வாடகை வருமானமாகக் கொள்ளப்படும். டெபாசிட் வட்டிக்கு அந்த 30% கழிவு கிடையாது. டெபாசிட் சில மாதங்களில் முதிர்வதாக இருந்தால் உடைக்காதீர்கள். அதன்மேல் கடன் வாங்கினால் டெபாசிட் வட்டியைவிடப் பெரும்பாலும் 1 முதல் 2% தான் கூடுதல்.

பணம் கொடுப்பதற்கு முன் ஷெட் தரையைப் பாருங்கள். நம் ஊர் வீடுகளில் செப்டிக் டேங்கையோ சம்ப்பையோ பெரும்பாலும் அங்கேதான் புதைத்திருப்பார்கள். செப்டிக் டேங்க் மூடி அறைக்குள் வருமானால் இந்தத் திட்டத்தை அத்தோடு நிறுத்திவிடுங்கள். விஷவாயு கசியும், லாரி வந்தாலும் குழாய் விட்டுச் சுத்தம் செய்ய முடியாது. மின்மீட்டர் அங்கே இருந்தால், கணக்கெடுப்பவர் எட்டிப் பார்க்கும்படி வெளியே மாற்றும் செலவையும் சேருங்கள்.

அடுத்தது உயரம். கார் ஷெட் தரை தெருப்பக்கம் சரிந்து, வீட்டுத் தரையைவிடத் தாழ்ந்திருக்கும். அப்படியே விட்டால் ஐப்பசி மழைக்குத் தண்ணீர் உள்ளே வரும். ஓரடி உயர்த்த 180 கன அடி நிரப்பு வேண்டும். கெட்டிப்பதில் அமுங்குவதையும் சேர்த்து 2.2 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி) வாங்குங்கள். அரையடி அரையடியாகப் போட்டுத் தண்ணீர் விட்டுக் கெட்டிக்க வேண்டும், இல்லையேல் ஓராண்டில் டைல்ஸ் அடியில் பொள்ளலாகி உடையும். உயர்த்திய பிறகும் கூரை வரை 9 அடி இருக்க வேண்டும். தேசியக் கட்டட விதித்தொகுப்பு வசிக்கும் அறைக்குக் கேட்பது 2.75 மீட்டர். இப்போதே 9 அடிதான் என்றால் அந்த இடம் அறைக்கு ஆகாது.

புதுச் சுவரைப் பழைய தரைமேல் நேராக எழுப்ப விடாதீர்கள். மூன்று அங்குலக் கான்கிரீட் அஸ்திவாரம் ஆகாது. தரை இறங்கும், பழைய தூணும் புதுச் சுவரும் சேரும் இடத்தில் விரிசல் விடும். அடியில் பீம், இணைப்பில் கம்பி வலை, அதன்மேல் பூச்சு.

அனுமதியை ஒத்திப்போட வேண்டாம். வரைபடத்தில் வாகன நிறுத்தம் என்றிருப்பதை அறையாக்குவது வரைபட மீறல். விதிப்படி காலியாக விட வேண்டிய முன்பக்க இடத்தில் ஷெட் இருந்தால் அனுமதி கிடைப்பதே கடினம். மீறிக் கட்டினால் மாநகராட்சி நோட்டீஸ் வரலாம், நாளை வீட்டை விற்கும்போது வங்கி மதிப்பீட்டாளரும் அந்த அறைக்கு மதிப்புப் போடமாட்டார். உரிமம் பெற்ற பொறியாளரிடம் வரைபடத்தைக் காட்டிவிட்டுத்தான் கொத்தனாருக்கு முன்பணம் கொடுக்க வேண்டும்.

வாடகைதாரர் வந்தால் எழுத்து ஒப்பந்தம் போட்டு வாடகை ஆணையத்தில் பதிவு செய்யுங்கள். தமிழ்நாட்டுச் சட்டப்படி அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. அந்த 18,000 திருப்பித் தர வேண்டிய பணம், கட்டடச் செலவில் சேர்க்காதீர்கள். மின்சாரத்துக்குத் தனி இணைப்பு கேட்டுப் பாருங்கள். ஒரே மீட்டரில் ஓடி, இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறி, உங்கள் வீட்டு பில்லும் சேர்ந்து ஏறும்.