கடைசி ஆண்டில் மூன்று அரியர்: மே மாதத்துக்குள் பட்டம் கிடைக்குமா?

வாசகர் கேள்வி: கடலூரில் ஓர் அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்ஸி. இயற்பியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். முதல் பருவத்தின் துணைப்பாடக் கணிதம், இரண்டாம் பருவத்தின் சுற்றுச்சூழல் கல்வி, நான்காம் பருவத்தின் ஒளியியல் ஆகிய மூன்று தாள்கள் அரியராக இருக்கின்றன. கணிதத்தில் இன்டர்னல் 7 மதிப்பெண்தான். திருப்பாதிரிப்புலியூரில் ஒரு செல்போன் கடையில் மாதம் 7,000 ரூபாய்க்கு வேலை பார்க்கிறேன். பகல் 12 மணிக்குக் கடையில் இருக்க வேண்டும் என்பதால் கடைசி இரண்டு வகுப்புகளுக்கு இருப்பதில்லை. அரியர் எல்லாவற்றையும் ஆறாம் பருவத்தில் மொத்தமாக எழுதிக்கொள்ளலாம் என்று சீனியர்கள் சொல்கிறார்கள். துறைமுகத்தில் வேலை செய்யும் அப்பாவுக்கு இது எதுவும் தெரியாது. அம்மா பி.எட். படிக்கச் சொல்கிறார், எனக்குக் காலாப்பட்டில் உள்ள புதுவைப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்ஸி. சேர ஆசை. மே மாதத்துக்குள் முடிக்க முடியுமா? வேலையை விட்டுவிடவா? அப்பாவிடம் சொல்லவா?
- பெயர் வெளியிட விரும்பாத மாணவர், கடலூர் முதுநகர்

பதில்:

தம்பி, முடியும். வருகிற நவம்பர் தேர்விலேயே மூன்று அரியர் தாள்களுக்கும் பணம் கட்டிவிட வேண்டும் என்பதும், நாளை முதல் கடைசி இரண்டு வகுப்புகளை விடக்கூடாது என்பதும் அதற்கு நான் வைக்கும் நிபந்தனைகள். உங்கள் கடிதத்தில் பெரும்பகுதி அரியரைப் பற்றியே இருக்கிறது. வகுப்புக்கு இருப்பதில்லை என்பதைப் போகிற போக்கில் ஒரு வரியில் சொல்லிவிட்டீர்கள். எனக்கு அந்த ஒரு வரிதான் அதிகக் கவலை தருகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நாளொன்றுக்கு ஐந்து வகுப்புகள் என்று வைத்துக்கொண்டால், தினமும் இரண்டை விடுபவரின் வருகை, ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காவிட்டாலும், 60 விழுக்காட்டைத் தாண்டாது. அரை நாள் கணக்கில் வருகை எடுக்கும் கல்லூரியாக இருந்தால் அது 50க்கே இறங்கிவிடும். தமிழகக் கலை அறிவியல் கல்லூரிகளில் வழக்கமாக உள்ள விதிப்படி 75 விழுக்காடு இருந்தால்தான் தடையின்றி ஹால் டிக்கெட் கிடைக்கும். 65க்கும் 75க்கும் இடையில் இருப்பவர் தக்க காரணம் காட்டி, துறைத்தலைவரின் பரிந்துரையோடு, வருகைக் குறைவைப் பொறுத்துக்கொள்வதற்கான கன்டோனேஷன் கட்டணம் கட்டி எழுதலாம். அதற்கும் கீழே இருப்பவர் அந்தப் பருவத்தின் தேர்வை எழுதவே இயலாது. 50க்கும் கீழே போனால் பருவத்தையே திரும்பப் படிக்க வேண்டியிருக்கும். அரியர் என்பது ஒரு தாளோடு போகிற இழப்பு. வருகைக் குறைவோ ஐந்தாம் பருவத்தின் அத்தனை தாள்களையும் ஒரே நாளில் அரியராக்கிவிடும். ஆகவே முதல் வேலையாகத் துறை அலுவலகத்தில் இன்றைய தேதி வரை உங்கள் வருகை எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பருவத்துக்கு 90 வேலை நாட்கள் என்றால் 75 விழுக்காட்டுக்கு 68 நாட்கள் வேண்டும். நீங்கள் விடக்கூடியவை 22 நாட்கள் மட்டுமே. அவற்றில் எத்தனை ஏற்கெனவே கரைந்துவிட்டன என்பது தெரிந்தால்தான் மற்ற எதையும் திட்டமிட முடியும்.

சீனியர்கள் சொல்வதை ஒரு காரணத்துக்காகவே தள்ளிவைக்கச் சொல்கிறேன். கடலூர் மாவட்டக் கல்லூரிகள் முன்பு வேலூர் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின்கீழ் இருந்து, பின்னர் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் இணைப்புக்கு வந்தவை. சில ஆண்டுகளுக்கு முன் படித்த அண்ணன் ஒருவர் சொல்லும் விதி அவர் காலத்துப் பல்கலைக்கழகத்தின் விதியாக இருக்கலாம். புதுச்சேரியில் படிக்கும் நண்பர் சொல்வதோ புதுவைப் பல்கலைக்கழகத்தின் விதி. உங்களைக் கட்டுப்படுத்துவது நீங்கள் சேர்ந்த ஆண்டின் பாடத்திட்டமும் ஒழுங்குமுறையும் மட்டும்தான். அதைப் பதிவிறக்கி அச்செடுத்து, இதுவரை வாங்கிய நான்கு மதிப்பெண் பட்டியல்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தாளாகப் பேனாவால் டிக் செய்துகொண்டே வாருங்கள். பெரும்பாலான இளநிலைப் படிப்புகளுக்கு மொத்தம் 140 கிரெடிட் வேண்டும். நீங்கள் மூன்று என்று நினைக்கும் அரியர் நான்காக இருக்கவும் வாய்ப்புண்டு என்பதால்தான் இதைச் சொல்கிறேன். நாட்டு நலப்பணித் திட்டத்துக்கோ விளையாட்டுக்கோ உரிய, பாடத்திட்டத்தின் ஐந்தாம் பகுதிக் கிரெடிட், முகாமுக்குப் போய்வந்த பிறகும் பட்டியலில் ஏறாமல் விடுபட்டிருப்பதுண்டு. அதை இப்போது சரிசெய்ய ஒரு கையொப்பம் போதும். ஜூன் மாதத்தில் சரிசெய்ய வேண்டுமென்றால் பல்கலைக்கழகத்துக்கே அலைய வேண்டும்.

சுற்றுச்சூழல் கல்வித் தாளை நீங்கள் அலட்சியமாக விட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பலரும் அப்படித்தான் விடுகிறார்கள். உச்ச நீதிமன்ற உத்தரவின் பேரில் எல்லா இளநிலைப் படிப்புகளுக்கும் கட்டாயமாக்கப்பட்ட பாடம் அது. இயற்பியல் தாள்கள் அனைத்திலும் முதல் வகுப்பு எடுத்தாலும் இந்த ஒன்று நின்றால் பட்டம் நிற்கும். படிப்பதற்கு மூன்றிலும் இதுவே எளிது, எட்டு பத்து நாள் மாலைப் பொழுது போதுமானது என்பதால் இதைப் பற்றி மேலும் சொல்லத் தேவையில்லை.

கணிதம் அப்படியல்ல. தேர்வில் 75க்கு 30 எடுத்தால் பாஸ் என்று வகுப்பில் எல்லோரும் சொல்வார்கள். இன்டர்னலும் தேர்வும் சேர்ந்து நூற்றுக்கு 40 வர வேண்டும் என்ற இரண்டாவது நிபந்தனையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இன்டர்னலில் 7 வைத்திருக்கும் நீங்கள் 30 எடுத்தால் மொத்தம் 37; மீண்டும் அரியர். உங்களுக்கு 33 வேண்டும். துணைப்பாடத்தைக் கடந்த முறை நூலிழையில் தவறவிட்டதாகத் தோன்றினால், பழைய மதிப்பெண் பட்டியலை எடுத்து, தடுக்கியது இந்த இடத்தில்தானா என்று பாருங்கள்.

அந்த 33ஐ எங்கிருந்து எடுப்பது என்பதை வினாத்தாளின் அமைப்பே சொல்லும். இந்தப் பக்கத்துக் கல்லூரிகளில் வழக்கமான 75 மதிப்பெண் தாளில், இரண்டு மதிப்பெண் வினாக்கள் பத்து. அலகுக்கு ஒன்றாக, இது அல்லது அது என்று கேட்கும் ஐந்து மதிப்பெண் வினாக்கள் ஐந்து. பத்து மதிப்பெண் வினாக்கள் ஐந்தில் மூன்று. ஐந்து அலகுகளில் மூன்றை மட்டும் முழுமையாகப் படித்தவருக்கு முதல் பகுதியில் 12, இரண்டாவதில் 15, மூன்றாவதில் 30 என்று 57 மதிப்பெண்ணுக்கான வினாக்கள் கைக்குள் வந்துவிடும். அதில் பாதிக்குச் சற்று மேல் எடுத்தாலே போதும். உங்கள் தாளின் அமைப்பும் இதுதானா என்பதைக் கடந்த சில ஆண்டு வினாத்தாள்களைப் பார்த்து உறுதி செய்துகொண்டு, உங்களுக்குச் சுலபமாக வருகிற மூன்று அலகுகளைத் தேர்ந்தெடுத்து, தினம் இரண்டு கணக்குகளை நோட்டில் முழுவதுமாக எழுதிப் பழகுங்கள். செல்போனில் தீர்வைப் பார்த்துப் புரிந்துகொள்வது வேறு, வெறும் தாளில் முதல் வரியை எழுதுவது வேறு. ஒளியியலுக்கு இந்தக் குறுக்குவழியை நான் சொல்லமாட்டேன். எம்.எஸ்ஸி. நுழைவுத் தேர்வில் ஒளியியலும் கேட்கப்படும் என்பதால், குறுக்கீட்டு விளைவையும் விளிம்பு விளைவையும் இப்போது ஒழுங்காகப் படித்தால் ஒரே உழைப்பு இரண்டு இடத்தில் பயன்படும்.

மூன்றையும் நவம்பரிலேயே எழுதச் சொல்வதன் காரணம் எளிமையானது. நவம்பரில் ஒன்று போனாலும் ஏப்ரல் இருக்கிறது. எல்லாவற்றையும் ஏப்ரலுக்குத் தள்ளினால், ஆறாம் பருவத் தாள்கள், புராஜெக்ட், வைவா, செய்முறைத் தேர்வு ஆகியவற்றோடு சேர்த்து இந்த மூன்றையும் ஒரே வாய்ப்பில் முடித்தாக வேண்டும். அதில் ஒன்று தவறினாலும் அடுத்த நவம்பர் வரை காத்திருந்து, முடிவு வர மேலும் சில வாரங்கள் ஆகி, ஓர் ஆண்டின் மேற்படிப்புச் சேர்க்கை கைநழுவிப்போகும். சில பல்கலைக்கழகங்கள் இறுதிப் பருவத்தில் ஒரே ஒரு தாளில் தவறியவர்களுக்கு உடனடித் தேர்வு நடத்துவதுண்டு. மூன்று தாள்களோடு நிற்பவருக்கு அந்தக் கதவு திறக்காது. இரண்டாம், நான்காம் பருவ அரியர்களை நவம்பரில் எழுத உங்கள் கல்லூரியில் அனுமதி உண்டா என்பதைத் தேர்வுப் பிரிவில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். கால அட்டவணை வந்ததும் காலையில் ஐந்தாம் பருவத் தாளும் பிற்பகலில் அரியர் தாளும் ஒரே நாளில் விழுகின்றனவா என்று பாருங்கள்.

நம்மூர் நவம்பரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது கடலூரும் வெள்ளத்தில் தத்தளித்தது. மழையால் தேர்வு தள்ளிப்போனால், கிடைத்தது விடுமுறை என்று கடைக்கு ஓடாதீர்கள். தள்ளிவைத்த தாள் எந்த நாளில் வந்து செருகப்படும் என்பது யாருக்கும் தெரியாது. மின்சாரம் இரண்டு மூன்று நாள் இல்லாமல் போவதும் முதுநகரில் புதிதல்ல, பி.டி.எஃப். ஆக வைத்திருக்கும் குறிப்புகளை அக்டோபரிலேயே ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். மதிப்பெண் பட்டியல்களை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, பரணில் உயரமான இடத்தில் வையுங்கள்.

செய்முறைப் பாடத்தையும் மறந்துவிடாதீர்கள். பல இடங்களில் அதற்கான தேர்வு ஆண்டுக்கு ஒருமுறைதான் நடக்கும். ரெகார்டு நோட்டில் ஆசிரியர் கையொப்பம் இல்லாதவரைத் தேர்வு அறைக்குள் விடமாட்டார்கள். நீங்கள் விடுகிற அந்தக் கடைசி இரண்டு மணி நேரம் வாரத்தில் எந்த நாளிலாவது ஆய்வகமாக இருந்தால், விட்டுப்போன சோதனைகளின் பட்டியலை ஆய்வக உதவியாளரிடம் கேட்டு இந்த மாதமே செய்து முடியுங்கள்.

வேலைக்கு வருகிறேன். விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். வீட்டில் அந்த 7,000 ரூபாய்க்கு இருக்கும் மதிப்பு எனக்குத் தெரியும். கடைக்குப் பகல் 12 மணிக்குப் பதில் 2 மணிக்கு வருவதாகக் கேளுங்கள், சம்பளத்தில் ஆயிரமோ ஆயிரத்து ஐநூறோ குறைத்தாலும் ஒப்புக்கொள்ளுங்கள். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர் என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் உங்களுக்கு வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் கல்லூரியில் அதற்குப் பொறுப்பான ஆசிரியரைக் கேளுங்கள். குறைகிற சம்பளத்தில் பெரும்பகுதியை அது ஈடுகட்டும். ஒரு எச்சரிக்கை: இந்தப் பேச்சை ஆயுத பூஜைக்கு முன்பே பேசிவிடுங்கள். அதற்குப் பிறகு போனால் "தீபாவளி வியாபாரம் முடியட்டும்ப்பா" என்பார் முதலாளி. தீபாவளி முடியும்போது தேர்வு வாசலில் நிற்கும். நேரத்தை மாற்ற அவர் ஒரேயடியாக மறுத்தால், அப்போது வேலையை விடுவதே சரி. இரண்டு பருவங்களின் சம்பளத்தைவிட ஓர் ஆண்டு தாமதத்தின் விலை அதிகம்.

அப்பாவிடம் சொல்லுங்கள். துறைமுகத்தில் அவரோடு வேலை செய்பவர்களின் பிள்ளைகளும் உங்கள் கல்லூரியில் படிப்பார்கள். பிறர் வாயால் அவர் கேட்பதைவிட நீங்கள் சொல்வது மேல். வெறுங்கையோடு போய் நிற்காமல், எந்தத் தாள், எப்போது எழுதுகிறேன், கட்டணம் எவ்வளவு, சம்பளத்தில் எவ்வளவு குறையும் என்பதை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு, அவர் தூங்கி எழுந்து சாப்பிட்ட பிறகு பேசுங்கள். முதலில் கோபப்படுவார், அதற்கு எதிர்வாதம் செய்யாதீர்கள். தாமதமாகச் சொன்னதற்கான கோபம் நியாயமானது. அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி அவரைத் தூது அனுப்புவதை மட்டும் செய்யாதீர்கள். அப்பாவுக்கு அது இரட்டிப்பு வருத்தமாகும்.

அம்மா சொல்லும் பி.எட். படிப்புக்கு, தமிழக அரசின் சேர்க்கையில் பட்டப்படிப்பில் பொதுப்பிரிவினருக்கு 50, பிற்படுத்தப்பட்டோருக்கு 45, மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு 43, பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 40 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். அரியர் தாள்களை எப்படியோ தாண்டினால் போதும் என்று இருந்துவிடாமல், ஐந்தாம், ஆறாம் பருவ முதன்மைத் தாள்களில் மதிப்பெண்ணைக் கூட்டிக்கொள்ள வேண்டியதன் காரணம் இதுதான். காலாப்பட்டில் உள்ள புதுவைப் பல்கலைக்கழகம் முதுநிலைச் சேர்க்கையை, தேசியத் தேர்வு முகமை நடத்தும் கியூட் பி.ஜி. என்ற பொது நுழைவுத் தேர்வின் வழியாக நடத்துகிறது; இறுதியாண்டு மாணவர்களும் அதற்கு விண்ணப்பிக்கலாம். அந்தத் தேர்வு அண்மை ஆண்டுகளில் மார்ச் மாதத்தில் நடந்துவருகிறது. விண்ணப்பத்தை அதற்குச் சில மாதங்கள் முன்பே வாங்கிவிடுவார்கள் என்பதால், நவம்பர் தேர்வு முடிந்த கையோடு தேசியத் தேர்வு முகமையின் இணையதளத்தை அடிக்கடி பாருங்கள். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2 பற்றி வகுப்பில் பேச்சு அடிபடும். அறிவிக்கை வெளியாகும் தேதியில் பட்டத் தகுதி கையில் இருக்க வேண்டும் என்பதால் அந்தப் புத்தகங்களை மே மாதத்துக்குப் பிறகு வாங்கிக்கொள்ளலாம். நவம்பர் தேர்வு முடிவில் ஏதாவது ஒரு தாள் ஓரிரு மதிப்பெண்ணில் நின்றால், விடைத்தாள் நகலுக்கும் மறுமதிப்பீட்டுக்கும் விண்ணப்பிக்கத் தரும் அவகாசம் மிகக் குறைவு. முடிவு வந்த அன்றே தேர்வுப் பிரிவுக்குப் போய்க் கடைசித் தேதியைக் கேளுங்கள். மறுமதிப்பீட்டின் முடிவுக்காகக் காத்திராமல் அதே தாளுக்கு ஏப்ரல் தேர்வுக் கட்டணத்தையும் கட்டிவையுங்கள்.